கல்லூரி நூலகம் கிண்டில் இரவல் தரலாமா?

கேள்வி இது. அரசு உதவி பெறும் ஒரு கலை அறிவியல் கல்லூரி. நூலகத்துக்கு இந்த ஆண்டு கொஞ்சம் கூடுதல் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலில் பத்து வாங்கி, பாடப் புத்தகங்களையும் நாவல்களையும் ஏற்றி, மாணவர்களுக்குப் பதினைந்து நாள் இரவல் தரலாமா என்று நூலகக் குழுவில் பேச்சு. அமெரிக்கக் கல்லூரிகள் செய்கின்றனவே, நாம் செய்தால் சட்டப்படி சரியா, நடைமுறையில் எப்படி இருக்கும் என்று நூலகர் கேட்கிறார்.

கருவியைத் தாராளமாக இரவல் தரலாம். கால்குலேட்டரையும் லேப்டாப்பையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவதில்லையா, அதே கதைதான். சிக்கல் கருவிக்குள் இருக்கும் புத்தகத்தில். அச்சுப் புத்தகத்தை வாங்கியவருக்கு அந்தப் பிரதியின் மேல் இருக்கும் உரிமை மின்னூலை வாங்கியவருக்குக் கிடையாது. ஆகவே எந்தப் புத்தகம், யாரிடமிருந்து, என்ன நிபந்தனையில் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வந்தால் பத்துக் கிண்டில் தேவையா, மூன்று போதுமா, ஒன்றுமே வேண்டாமா என்பது தானாகத் தெரிந்துவிடும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருவதற்கு முன் கருவி வாங்கி, போட்டோ எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

உரிமை விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பிரதியை விற்றாகிவிட்டால் அதன் பிறகு அது யார் கைக்குப் போகிறது என்று பதிப்பாளர் கேட்க முடியாது. இரவல் நூலகம் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் இது 109ஆம் பிரிவு. நம்முடைய 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவும், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியை விட்டுவிட்டு, புதிதாகப் பிரதிகளை வெளியிடும் உரிமையைத்தான் ஆசிரியருக்குத் தருகிறது. திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் விற்பதும் உங்கள் கவுண்டரில் புத்தகம் இரவல் போவதும் இதன் தயவில்தான்.

மின்னூலில் பிரதி கைமாறுவதில்லை. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி, அதுவும் விற்பவர் எழுதிய நிபந்தனைகளோடு. கிண்டில் நூல்களுக்கான அமேசான் நிபந்தனையில், சொந்த உபயோகத்துக்கு, வணிக நோக்கமில்லாத உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கிறது. கல்லூரி என்பது ‘சொந்தம்’ ஆகுமா? இதில் கல்லூரிக்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. அனுமதி என்றால் என்ன என்று உலகம் புரிந்துகொண்டது 2009 ஜூலையில். ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984, விலங்குப் பண்ணை ஆகிய நூல்களை உரிமை இல்லாத ஒருவர் கிண்டில் கடையில் விற்றிருக்கிறார். அது தெரிந்ததும் அமேசான், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்த நூல்களை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அப்போதைய அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு இருக்கட்டும், உங்கள் நூலக அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சரி, அமெரிக்கக் கல்லூரிகள் அப்புறம் எப்படிச் செய்தன? முதல் கிண்டில் 2007 நவம்பரில் வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் போன்றவை கருவிகளை வாங்கி இரவல் தர ஆரம்பித்துவிட்டன. ஒரே கணக்கில் பல கருவிகளைப் பதிவு செய்தால், பொதுவாக ஒரு மின்னூலை ஆறு கருவிகள் வரை இறக்கிக்கொள்ளலாம். ஒரு புத்தகத்துக்குப் பணம் கட்டி ஆறு பேருக்கு இரவல் தரலாம் என்று பல நூலகங்கள் கணக்குப் போட்டன. இது நிபந்தனைக்கு உட்பட்டதா என்ற கேள்வி அப்போதே நூலகர்களிடையே இருந்தது. அமேசான் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பதால் ஓடியது. கண்டுகொள்ளாமல் விட்டதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு ஒரு கல்லூரி அதைப் பார்த்துப் புதிதாக ஆரம்பிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பாடத்துக்குப் பயன்படுமா என்ற சோதனை 2009இல் நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் உள்ள பேஸ் பல்கலைக்கழகத்தில் வைத்து அமேசான் கிண்டில் டிஎக்ஸ் என்ற பெரிய கருவியை அறிமுகப்படுத்தியது. 9.7 அங்குலத் திரை, விலை 489 டாலர். பாடப் புத்தகத்துக்கென்றே செய்தது மாதிரி பேச்சு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், பிரின்ஸ்டன், கேஸ் வெஸ்டர்ன், ரீட், பேஸ், விர்ஜீனியாவின் டார்டன் வணிகப் பள்ளி ஆகியவை சில வகுப்புகளில் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தன. பிரின்ஸ்டனில் அந்த வகுப்புகளின் பிரின்ட் அவுட் செலவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அது லாபம்தான். ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுதுவது, அடிக்கோடிடுவது, இரண்டு கட்டுரைகளை மாற்றி மாற்றிப் புரட்டுவது எல்லாம் மாணவர்களுக்கு இம்சையாக இருந்தது. பக்க எண் இல்லாததால் வகுப்பில் ‘எந்தப் பக்கம்?’ என்ற சாதாரணக் கேள்விக்கே பதில் சொல்ல முடியவில்லை. டார்டனில் முடிவில், அடுத்து வரும் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டபோது நான்கில் மூன்று பேருக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். வகுப்புக்கு வெளியே சொந்த வாசிப்புக்கு என்றால்? அதே மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சிபாரிசு செய்வோம் என்றார்கள்.

இந்த இரண்டு பதில்களையும் உங்கள் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். கிண்டில் மாதிரி, அச்சுக் காகிதம் போலத் தெரியும் மின்மைத் திரைக் கருவி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிப்பவருக்கானது: நாவல், வாழ்க்கை வரலாறு, கட்டுரைத் தொகுப்பு. தேர்வுக்கு முந்தைய வாரம் மூன்றாம் அத்தியாயத்துக்கும் பின்னிணைப்புக்கும் நடுவே அல்லாடும் பி.எஸ்சி. மாணவிக்கு அது உதவாது. அன்றைக்குப் பிறகு கருவிகள் வேகமாகியிருக்கின்றன, எழுதுகோல் வைத்த கருவிகளும் வந்துவிட்டன, ஆனாலும் அடிப்படை மாறவில்லை.

அந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. நம் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிண்டில் டிஎக்ஸ் புத்தகத்தைக் குரலில் வாசித்துக் காட்டும். ஆனால் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் மெனுவை வாசிக்காது. பார்வையற்ற மாணவர் அந்தக் குரலை எழுப்பவே இன்னொருவர் உதவி வேண்டும். 2009 ஜூனில் அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பும் இன்னோர் அமைப்பும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டன. 2010 ஜனவரியில் சமரசம் ஆனது. வேறு சில கல்லூரிகளும், பார்வையற்றவர் பயன்படுத்த முடியாத கருவியைப் பாடத்துக்குக் கட்டாயமாக்க மாட்டோம் என்று நீதித் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அந்த ஆண்டு ஜூனில் நீதித் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து எல்லாக் கல்லூரித் தலைவர்களுக்கும் இதைக் கடிதமாகவே அனுப்பின. நம்மிடம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் இருந்தாலும் வாங்கும் முன் அவர் கையில் ஒரு கருவியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழை வாசித்துக் காட்டும் வசதி சாதாரண ஆண்ட்ராய்டு போனில் நன்றாகவே இருக்கிறது. அவருக்கு அதுவே மேலாக இருக்கலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, அவர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றித் தருவதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்கான சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் 2016 முதல் இயங்குகிறது.

2011 வாக்கில் அமெரிக்காவில் திசை மாறியது. பொது நூலகங்களுக்கு மின்னூல் தரும் ஓவர்டிரைவ் நிறுவனம், அந்த ஆண்டு செப்டம்பரில் வாசகரின் சொந்தக் கிண்டிலுக்கே நூலகப் புத்தகத்தை அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. தவணை முடிந்தால் புத்தகம் தானே பூட்டிக்கொள்ளும். கருவி வாசகருடையது, அனுமதி நூலகத்துடையது. இதற்குப் பிறகு கருவி இரவல் ஓரத்துக்குப் போய்விட்டது. இந்தக் கிண்டில் வசதி அமெரிக்காவுக்கு மட்டும், நமக்கு இல்லை. அங்கேயும் சண்டை ஓயவில்லை. அதே 2011இல் ஹார்பர்காலின்ஸ் பதிப்பகம், ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்தால் அனுமதி தீர்ந்தது, மறுபடி வாங்க வேண்டும் என்று அறிவித்தது. அச்சுப் புத்தகம் அத்தனை முறை இரவல் போனால் கிழிந்துவிடுமாம். கெட்டி அட்டை பைண்டிங் போட்டு நாற்பது ஆண்டு ஓட்டும் நம் நூலகர்களைக் கேட்டிருந்தால் வேறு கணக்குச் சொல்லியிருப்பார்கள்.

கல்லூரி நூலகங்கள் வேறு பாதையில் போயின. அங்கே மின்னூல் என்றால் பெரும்பாலும் புரோக்வெஸ்ட், எப்ஸ்கோ, ஜேஸ்டோர் மாதிரியான தளங்களில் உலாவியில் படிப்பது. ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு நேரத்தில் மூவர், எத்தனை பேரானாலும் சரி என்று அனுமதி வகைகள் உண்டு; ஆள் கூடினால் விலையும் கூடும். புரோக்வெஸ்டில் ஆண்டுக்கு 325 நாள் இரவல் என்றொரு வகைகூட இருக்கிறது. ஐந்து பேர் ஒரே நாளில் எடுத்தால் ஐந்து நாள் கழியும், தீர்ந்தால் அடுத்த ஆண்டுதான். ஒரே நூலை வகுப்பே படிக்க வேண்டியிருந்தால் இந்த எண்ணிக்கைதான் உங்கள் தலைவலி. அதைவிடப் பெரிய தலைவலி, பெரிய பாடநூல் பதிப்பாளர்கள் பலர் மாணவர் வாங்கும் மின்பாடநூலை நூலகத்துக்கு விற்பதே இல்லை. ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியாக விற்க முடியும்போது நூலகத்துக்கு எதற்கு என்பது அவர்கள் கணக்கு. ஆக, ‘பாடப் புத்தகங்களை ஏற்றி’ என்று உங்கள் திட்டத்தில் எழுதியிருப்பது, உலகின் பணக்காரக் கல்லூரிகளுக்கே இன்னும் கைகூடாத ஒன்று.

இங்கே குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: ‘நம்மிடம் அச்சுப் புத்தகம் இருக்கிறதே, ஸ்கேன் பண்ணிப் போட்டுவிட்டால்?’ அச்சுப் பிரதியைப் பூட்டிவைத்து, அதன் ஸ்கேனை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் இரவல் தருவது என்ற முறையை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம் பெரிய அளவில் செய்தது. 2020இல் ஹஷெட் உள்ளிட்ட நான்கு பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் கீழ் நீதிமன்றத்திலும் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது. அது அமெரிக்கத் தீர்ப்பு, நம்மைக் கட்டுப்படுத்தாது. நம் சட்டத்தின் 52ஆம் பிரிவில், வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சில் இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று இருக்கிறது. பாதுகாப்புக்காக என்றுதான் இருக்கிறது. அந்தக் கோப்பைக் கருவியில் ஏற்றி வெளியே அனுப்பலாம் என்று இல்லை.

ஆனால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் உள்ள நூல்களின் பகுதிகளைத் தொகுத்து விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2016இல் தில்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலின் போக்கில் அந்தத் தேவைக்காக எடுக்கும் நகல் பதிப்புரிமை மீறல் ஆகாது என்ற பக்கமே நின்றது. ஆகவே ஒரு பேராசிரியர் தன் தாளுக்கு வேண்டிய அத்தியாயங்களைத் தொகுத்துக் கொடுத்து, அந்த வகுப்பு மாணவர்களுக்கு மட்டும் அதைக் கருவியில் ஏற்றித் தருவது, முழு நூலை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் இரவல் தருவதைவிட உறுதியான தரையில் நிற்கிறது என்பது என் கருத்து. வழக்கு ஜெராக்ஸைப் பற்றியது என்பதை மறக்க வேண்டாம். துறைத்தலைவர் கையெழுத்தோடு, தாளின் குறியீட்டையும் பருவத்தையும் எழுதி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய மின்னூலில் நகலெடுக்க முடியாதபடி போட்டிருக்கும் பூட்டை உடைத்துப் போடும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். உரிமையை மீறும் நோக்கில் பூட்டை உடைப்பதற்கு 65ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

இவ்வளவையும் கழித்துவிட்டால் கருவியில் ஏற்ற என்னதான் மிஞ்சும் என்று கேட்பீர்கள். தமிழ் படிப்பவர்களுக்கு நிறையவே மிஞ்சும். இந்த விஷயத்தில் நம் நிலைமை அமெரிக்கக் கல்லூரிகளைவிட மேல். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு முடிந்தால் இந்தியாவில் பதிப்புரிமை தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல், தமிழக அரசு குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. பாரதியார், பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் தொடங்கி 2024இல் கலைஞர் வரை நீளமான வரிசை. இந்த நூல்களை யாரும் பதிப்பிக்கலாம், நீங்களும் கருவியில் ஏற்றலாம். இன்றைய ஒரு பதிப்பாளர் சேர்த்த முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை; அவற்றை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கோப்புகளுக்கு அலைய வேண்டியதில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் களஞ்சியம். சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இருக்கிறது. முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்திருந்தால் தாராளமாகப் பகிரலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அழகுபடுத்துகிறேன் என்று அந்தப் பக்கத்தை வெட்டிவிடாதீர்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இன்று எழுதுபவர்கள், இலவசமாகப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தந்த நூல்கள் கிடைக்கும். இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்போடு, சின்னத் திரைக்கென்றே ஆறு அங்குலப் பிடிஎஃபும் செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய பழம் பதிப்புகளுக்கு நல்ல இடம். ஆனால் அங்கே உள்ளவை பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்த கோப்புகள். கிண்டிலில் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி தெரியும், பெரிதாக்கினால் வரி திரையை விட்டு ஓடும். அதற்குப் பத்து அங்குல டேப்லெட்தான்.

ஏற்றிய ஒவ்வொரு கோப்பையும் நூலகத்தில் யாராவது ஒருவர் கருவியிலேயே திறந்து பார்க்க வேண்டும். தமிழில் இது முக்கியம். பழைய எழுத்துரு முறையில் செய்த கோப்பு என்றால் பக்கம் முழுக்கக் கிறுக்கலாக வரும். யூனிகோடாக இருந்தாலும் சில செயலிகளில் ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறிப்போகும். கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ இத்தனையும் வரும் ஒரு பக்கத்தைத் தயார் செய்து முதலில் அதை ஏற்றிப் பாருங்கள். அது சரியாகத் தெரிந்தால் மற்றவையும் தெரியும்.

ஆங்கிலப் பாடநூல்களுக்கு உங்கள் கல்லூரி ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் கல்லூரிகளுக்கு மின்னூல் தர நடத்தும் என்-லிஸ்ட் திட்டம் அரசு, உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு 5,900 ரூபாய் என்ற அளவில்தான் வாங்குகிறது. ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களும் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னூல்களும் அதில் உண்டு. மாணவருக்குத் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம். பல கல்லூரிகளில் இந்தக் கடவுச்சொல் ஒரு எக்செல் ஃபைலில் தூங்கிக்கொண்டிருக்கும். 2025இல் இந்தியாவுக்கு வந்தபோது கிண்டில் பேப்பர்ஒயிட் ஒன்றின் விலை 16,999 ரூபாய். பத்து வாங்கினால் கிட்டத்தட்ட 1,70,000. என்-லிஸ்டுக்கு இருபத்தெட்டு ஆண்டு கட்டும் பணம் அது. முதலாண்டு மாணவர்களைத் துறைவாரியாக நூலகத்துக்கு வரவழைத்து, அவரவர் போனில் கடவுச்சொல்லைப் போட்டு, தன் பாடத்தில் ஒரு அத்தியாயத்தை இறக்க வைத்து அனுப்புங்கள். பத்துக் கருவியைவிட இது அதிகம் பேருக்குப் போய்ச் சேரும். பைசா செலவில்லை.

இன்னொன்றும் நடக்கும். எதைப் படிக்கக் கருவி வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டால் முதலில் வருவது டி.என்.பி.எஸ்.சி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரையிலான சமச்சீர்ப் பாடநூல்களைக் கேட்பார்கள். அவை அரசுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் வண்ணப் பக்கங்கள், இரண்டு பத்தி அமைப்பு, பெட்டிச் செய்திகள். ஏழு அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் பார்த்தால் அழுகை வரும். அதற்கும் டேப்லெட். ஆகவே வாங்கியே தீர வேண்டும் என்றால் நான் சொல்லும் கலவை: மூன்று மின்மைத் திரைக் கருவி, தமிழ் இலக்கியத்துக்கு மட்டும், நான்கைந்து டேப்லெட், பிடிஎஃப் நூல்களுக்கு. ஆறு மாதம் ஓடட்டும், இரவல் கணக்கைப் பார்த்து மீதிப் பணத்தைச் செலவழியுங்கள்.

கவுண்டர் நடைமுறைக்கு வருவோம். கருவி, கேபிள், சார்ஜர், ஒரு பக்கக் குறிப்பு நான்கையும் ஜிப் வைத்த பைக்குள் போட்டு ஒரே பார்கோடில் இரவல் போடுங்கள். கேபிளுக்குத் தனிக் கணக்கு வைத்தால் ஒரு பருவத்துக்குள் கேபிள் எல்லாம் காணாமல் போயிருக்கும். கோஹா என்ற நூலக மென்பொருளில் இதற்கென்று ஒரு தனி உருப்படி வகை உருவாக்கி, தவணை, தாமதக் கட்டணம், ஒருவருக்கு ஒன்று என்பதை அங்கேயே கட்டிவிடலாம். பதிவேட்டில் கருவி உபகரணக் கணக்கில் போக வேண்டும், நூல் சேர்க்கைப் பதிவேட்டில் அல்ல. ஆடிட்டில் இந்தக் கேள்வி வரும்.

கணக்கு விஷயத்தில் கவனம். கருவியைக் கடன் அட்டை இணைத்த கணக்கில் விட்டுவைத்து இரவல் கொடுத்தால், ஒரே தட்டலில் யாரோ புத்தகம் வாங்கியிருப்பார்கள், பில் முதல்வர் அலுவலகத்துக்கு வரும். கோப்புகளை ஏற்றியதும் கருவிக்குள் இருக்கும் அமேசான் கடையைப் பூட்டி, வைஃபையை அணைத்துக் கொடுங்கள். ஒரே கணக்கில் பல கருவி இருந்தால் படித்த பக்கத்தை ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் வசதியையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாணவி கதையின் இருபதாவது பக்கத்தில் இருக்கும்போது, வேறொரு ஊரில் வேறொரு மாணவர் போய்ச் சேர்ந்த முந்நூறாவது பக்கத்துக்குப் போகட்டுமா என்று கருவி கேட்கும். 2025 பிப்ரவரியில், கடையில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி கேபிள் வழியாக ஏற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. உங்கள் சொந்தக் கோப்புகளை ஏற்ற அது தடையில்லை.

திரும்பி வரும்போது கவுண்டரில் வைத்தே திறந்து பாருங்கள். மின்மைத் திரை உடைவது வெளியே தெரியாது. பைக்குள் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார்கள். மேல்பரப்பில் கீறல்கூட இருக்காது, உள்ளே கண்ணாடி விண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் பாதித் திரையில் பழைய பக்கம் அப்படியே உறைந்து நிற்கும், மீதிப் பாதி மட்டும் மாறும். ‘நான் ஒண்ணுமே பண்ணலை சார்’ என்பார். பெரும்பாலும் அவர் பொய் சொல்லவில்லை. கொடுக்கும்போதே பக்கத்தைப் புரட்டிக் காட்டி, சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வாங்கி, உடைந்தால் என்ன தொகை என்பதையும் அதே தாளில் போட்டிருந்தால் வாக்குவாதம் வராது. முழு விலையையும் மாணவர் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அப்படி எழுதிவைத்தால் வசதியில்லாத பிள்ளை கருவியைத் தொடவே பயப்படும், வசதியுள்ளவர்களிடம் எப்படியும் போன் இருக்கிறது. ஒரு பகுதியை நூலகம் ஏற்கட்டும். பிறகு முந்தையவர் போட்ட அடிக்கோடு, தேடிய சொற்கள், இணைத்த சொந்தக் கணக்கு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போக வேண்டும். யார் எதைப் படித்தார் என்பது அடுத்தவருக்குத் தெரியத் தேவையில்லை.

கடைசியாக, மின்னூல் தொகுப்பு விற்க வரும் ஏஜென்டுகளிடம் கேட்க வேண்டியவை. தலைப்புகளின் எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்வார்கள். நாக் படிவத்தில் அது அழகாக இருக்கும். நீங்கள் வேறு நான்கைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம்? வளாகத்துக்கு வெளியே திறக்குமா? அத்தியாயத்தைப் பிடிஎஃபாக இறக்க முடியுமா? சந்தா நின்றால் என்ன மிஞ்சும்? கடைசிக் கேள்விதான் முக்கியம். 2022இல் பருவம் தொடங்கும் நேரத்தில் வைலி பதிப்பகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் புரோக்வெஸ்டின் சந்தாத் தொகுப்பிலிருந்து உருவிக்கொண்டது. பாடத்திட்டத்தில் அவற்றைச் சேர்த்திருந்த பேராசிரியர்கள் கூச்சல் போட்ட பிறகு தற்காலிகமாகத் திருப்பி வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் புரோக்வெஸ்டின் தாய் நிறுவனமான கிளாரிவேட், ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் முறையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் கெடுவை 2026 ஜூன் வரை தள்ளிப்போட்டது. ஆகவே ‘நிரந்தர உரிமை’ என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது. பதில்களை மின்னஞ்சலில் வாங்கி, அதன் நகலைக் கொள்முதல் ஆணையோடு இணைத்த பிறகு செக் எழுதச் சொல்லுங்கள்.